கடலில் பொம்பா யார்? மீட்பு டக் போட்டும் அதன் சம்பளக் கணக்கும்

பந்திங் பக்கம் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் 999-ஐ அழைக்கிறோம். பொம்பா வண்டி வருகிறது, அணைத்துவிட்டுப் போகிறது. வந்ததற்கு யாரும் பில் நீட்டுவதில்லை. 2025 ஜூனில் கேரளக் கரைக்கு அப்பால் வான் ஹாய் 503 என்ற கொள்கலன் கப்பல் எரிந்துகொண்டிருந்த வீடியோ எல்லார் கைப்பேசியிலும் ஓடியது. அப்போது எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர் கேட்டார்: "கடல்ல பொம்பா யாரு தம்பி?" நான் கிள்ளானில் பார்வர்டிங் வேலை பார்ப்பவன், கப்பல் சமாச்சாரம் எல்லாம் எனக்கு அத்துப்படி என்று ஊரில் ஒரு நினைப்பு. ஆபத்தில் மாட்டிய கப்பலை இழுத்து மீட்கும் படகான மீட்பு டக் போட் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் விடவில்லை. "சரி, ஒன்னும் நடக்காத நாள்ல அவனுக்குச் சம்பளம் யாரு கொடுப்பா?"

இந்தத் தொழிலின் சிக்கல் முழுவதும் அந்த இரண்டாவது கேள்விக்குள் இருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். கடலில் உயிரைக் காப்பாற்றுவது வேறு, கப்பலையும் சரக்கையும் காப்பாற்றுவது வேறு. ஆபத்தில் இருப்பவர்களுக்கு உதவப் போவது ஒவ்வொரு கப்பல் தலைவனின் சட்டக் கடமை. அதற்குக் கட்டணம் கிடையாது. நம் கடற்பகுதியில் அந்த வேலையை ஒருங்கிணைப்பது ஏபிஎம்எம் எனப்படும் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம். மாலுமிகளைத் தூக்கிக்கொண்டு ஹெலிகாப்டர் போன பிறகும் கப்பல் அங்கேயேதான் கிடக்கும், எரிந்துகொண்டோ, சாய்ந்துகொண்டோ, கரையை நோக்கி மிதந்துகொண்டோ. அங்கிருந்துதான் மீட்பு டக்கின் வேலை தொடங்குகிறது. அது பெரும்பாலும் தனியார் தொழில்.

கிள்ளான் துறைமுகத்தில் நாம் பார்க்கும் டக் போட்டுகள் வேறு ரகம். வெஸ்ட்போர்ட்டிலும் நார்த்போர்ட்டிலும் பெரிய கப்பலின் இடுப்பில் மூக்கை வைத்துத் தள்ளிக் கரை சேர்ப்பவை அவை. அவற்றின் இழுவிசை 50, 60, மிஞ்சினால் 70, 80 டன். இதை அளக்கும் முறை எளிமையானது: கரையில் உள்ள இரும்புத் தூணில் வயரைக் கட்டி, டக்கை முழு விசையில் இழுக்கவிட்டு, வயரில் எத்தனை டன் விழுகிறது என்று கருவியில் பார்ப்பார்கள். போலார்ட் புல் என்பது இதுதான். டக் வாடகைக்கு எடுப்பவர் குதிரைத் திறனைவிட இந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார். துறைமுக டக்குக்கு வலு இருந்தாலும் அதன் தளம் தாழ்வாக இருக்கும், எரிபொருள் அதிக நாள் தாங்காது, ஆளும் குறைவு. பெரிய அலையில் நூறு மைல் தள்ளிப் போய் ஒரு வாரம் நின்று வேலை செய்ய அது கட்டப்பட்டதில்லை.

மீட்பு டக் அறுபது, எழுபது, எண்பது மீட்டர் நீளம் இருக்கும். பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் 2005 முதல் நிற்கும் அபேய் பூர்போன் 80 மீட்டர். இழுவிசை 200 டன், வேகம் 19 'நாட்'டுக்கு மேல், அதாவது மணிக்கு 19 கடல் மைலுக்கு மேல். இழுப்பதற்கு எதற்கு இத்தனை வேகம் என்று தோன்றலாம். எஞ்சின் நின்றுபோன கப்பல் காற்றிலும் நீரோட்டத்திலும் மணிக்கு இரண்டு, மூன்று மைல் என நகர்கிறது என்று வையுங்கள். பாறைக் கரை 12 மைலில் இருந்தால் கையில் இருப்பது நாலு முதல் ஆறு மணி நேரம். டக் 60 மைல் தள்ளி நிற்கிறது. 12 நாட் வேகத்தில் வந்தால் ஐந்து மணி நேரம். 18 நாட் வேகத்தில் வந்தால் மூன்று மணி இருபது நிமிடம். அந்த வித்தியாசத்துக்காகத்தான் அவ்வளவு பெரிய எஞ்சினைப் போட்டு, வருடக்கணக்கில் சும்மா நிறுத்தி வைக்கிறார்கள்.

வந்து சேர்ந்தாலும் வேலை பாதிகூட முடியவில்லை. கயிறு மாட்ட வேண்டும். எஞ்சின் செத்த கப்பலில் பெரும்பாலும் மின்சாரமும் செத்திருக்கும், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் எந்திரம் சுற்றாது. டக்கின் இழுவை வயரோ 70, 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு. ஒரு மீட்டரே இருபது கிலோவைத் தாண்டும். அதை நாலு பேர் சேர்ந்து கையால் இழுத்து மேலே ஏற்ற முடியாது. அதனால் படிப்படியாகத்தான் போக வேண்டும். முதலில் துப்பாக்கி போன்ற கருவியால் ஒரு மெல்லிய நூல்கயிற்றைச் சுடுவார்கள். கப்பலில் இருப்பவர்கள் அதைப் பிடித்து இழுத்தால் கொஞ்சம் தடித்த கயிறு வரும், அதன் வாலில் இன்னும் தடித்தது, கடைசியில் சங்கிலியும் வயரும். இத்தனையும் ஆறு மீட்டர் ஏறி இறங்கும் இரு தளங்களுக்கு நடுவில், ராத்திரியாகவும் இருக்கலாம். டக் மிக நெருங்கினால் பெரிய கப்பலின் முன்முனை அதன் தலையில் விழும். தள்ளி நின்றால் கயிறு எட்டாது.

கப்பலில் ஆளே இல்லை என்றால்? யாராவது ஏற வேண்டும். வான் ஹாய் 503-இல் அதுதான் நடந்தது. பருவமழைக் கடலில், எரியும் கப்பலின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து ஆட்களை இறக்கித்தான் கயிறு மாட்டினார்கள், கரையை விட்டு இழுத்துப் போனார்கள். 1952 ஜனவரியிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. சாய்ந்துகொண்டிருந்த ஃபிளையிங் என்டர்பிரைஸ் கப்பலில் அதன் தலைவர் கர்ட் கார்ல்சன் தனியாக இருந்தார். டர்மாயில் என்ற மீட்பு டக்கின் அதிகாரி கென்னத் டான்சி டக்கின் விளிம்பிலிருந்து அந்தக் கப்பலுக்குத் தாவினார். கயிறு மாட்டினார்கள், இழுத்தார்கள், அறுந்தது. துறைமுகத்துக்கு நாற்பது மைல் இருக்கும்போது கப்பல் மூழ்கியது. இருவரும் பிழைத்தார்கள்.

எண்ணெய்க் கப்பல்களுக்கு ஒரு நல்ல விதி வந்திருக்கிறது. 20,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்டவை எல்லாம் முன்னும் பின்னும் அவசர இழுவைச் சாதனத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அதில் ஒரு முனைக்கான சாதனத்தைத் துறைமுகச் சூழ்நிலையில் 15 நிமிடத்துக்குள் இறக்கிவிட முடிய வேண்டும். கொள்கலன் கப்பல்கள் எண்ணெய்க் கப்பல்களுக்கு நிகராக வளர்ந்த பிறகும் அவற்றுக்கு நெடுங்காலம் கேட்கப்பட்டது இழுவை பற்றிய ஒரு கையேடு மட்டுமே. கையேட்டில் வயரை மாட்ட முடியாது என்பது என் எரிச்சல்.

இழுக்கும்போது வயர் நீளமாக, ஒரு கிலோமீட்டர் வரைகூட விடப்படும். நடுவில் அது தன் எடையால் தண்ணீருக்குள் தொய்ந்து நிற்கும். அலை இரு கப்பல்களையும் ஆளுக்கொரு பக்கம் வெட்டி இழுக்கும்போது அந்தத் தொய்வுதான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஆழ்கடலுக்குச் சரி. மலாக்கா நீரிணையில் நம் சிலாங்கூர் கரைக்கு எதிரே உள்ள ஒன் ஃபேதம் பேங்க் திட்டுப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கப்பல்களே அடித்தளத்துக்கும் தரைக்கும் இடையில் குறைந்தது 3.5 மீட்டர் தண்ணீர் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்ற விதி உள்ள நீரிணை இது. இங்கே நீள வயர் விட்டால் அது தரையில் உரசும். குறைத்துக் கட்டினால் அதிர்ச்சி முழுக்க வயரிலும் கொக்கியிலும் விழும். இன்னொரு அபாயம், இழுபடும் கப்பல் நீரோட்டத்தில் பக்கவாட்டில் ஓடி வயரைத் திருப்பிவிட்டால், இழுத்துக்கொண்டிருந்த டக்கே சில நொடிகளில் கவிழ்ந்துவிடும். அதனால்தான் வின்ச்சில் வயரை உடனே விடுவிக்கும் பொத்தான் இருக்கிறது. சமயத்தில் அதை அழுத்துகிற துணிச்சலும் தலைவனுக்கு வேண்டும்.

தரை தட்டிய கப்பல் வேறு கதை. மோரிப் கரைச் சேறு நமக்குத் தெரியும். 1945 செப்டம்பரில் அங்கே வந்திறங்கிய பிரிட்டிஷ் படையின் வண்டிகள் புதைந்து நின்ற சேறு அது. பாறையில் மோதுவதைவிடச் சேற்றில் உட்காருவது கப்பலுக்கு நல்லதுதான், அடி கிழியாது. ஆனால் சேறு பிடித்துக்கொள்ளும். வெறும் இழுவிசையால் அதை வெல்லப் பார்ப்பது அனுபவமில்லாதவர் செய்கிற வேலை. அனுபவமுள்ள மீட்புக் குழு முதலில் கப்பலின் எடையைக் குறைக்கும்: அடித்தொட்டித் தண்ணீர், எரிபொருள், தேவைப்பட்டால் சரக்கு. அடியில் சேற்றைத் தோண்டும். பிறகு அமாவாசையோ பௌர்ணமியோ பார்த்துப் பெரிய ஏற்றத்துக்குக் காத்திருக்கும். தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துக்கு வந்துவிட்டு ஐரோப்பா போகும் வழியில் 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை அடைத்த எவர் கிவன் அப்படித்தான் விடுபட்டது. 30,000 கன மீட்டர் அளவுக்கு மணல் வாரினார்கள். 285 டன் இழுவிசை கொண்ட ஆல்ப் கார்ட் என்ற டக் வந்து சேர்ந்தது. பௌர்ணமி ஏற்றமும் கைகொடுத்தது. மார்ச் 29 அன்று கப்பல் மிதந்தது.

சரி, சம்பளத்துக்கு வருவோம்.

மீட்புத் தொழிலின் பழைய ஒப்பந்தம் லாய்ட்ஸ் ஓப்பன் ஃபார்ம். அதன் தலைப்பிலேயே விதி இருக்கிறது: காப்பாற்றினால் பணம், இல்லாவிட்டால் இல்லை. எவ்வளவு என்று முன்கூட்டிப் பேசுவதில்லை. காப்பாற்றிய சொத்தின் மதிப்பு, ஆபத்தின் அளவு, மீட்பவர் காட்டிய திறமை, எடுத்த சிரமம் எல்லாம் பார்த்துப் பிறகு லண்டனில் நடுவர் முடிவு செய்வார். பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் பேர் இல்லை, அதாவது அன்றைய கூலி இல்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நின்றதற்குக் கணக்கில்லை. டக் முதலாளியும் அப்படித்தான் வருடம் முழுக்க ஆளும் எண்ணெயும் போட்டு நிற்கிறார். வேலை கிடைத்து, அதுவும் ஜெயித்தால்தான் காசு.

இந்த முறை நன்றாக ஓடிய காலம் உண்டு. டச்சு, ஜெர்மன் டக்குகள் புயல் வரும் பருவத்தில் முனைகளில் போய்க் காத்து நிற்கும், விபத்துச் செய்தி வந்ததும் போட்டி போட்டுக்கொண்டு ஓடும். அது எங்கே உடைந்தது என்பதைக் காட்டியது 1978 மார்ச் 16. பிரான்சின் பிரிட்டனிக் கரைக்கு அப்பால் அமோக்கோ காடிஸ் என்ற எண்ணெய்க் கப்பலின் சுக்கான் செயலிழந்தது. பசிஃபிக் என்ற ஜெர்மன் டக் வந்து கயிறு மாட்டியது. அதே நேரத்தில் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது என்று கப்பல் தரப்பில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, சிகாகோ அலுவலகம் வரைக்கும். கயிறு அறுந்தது. மறுபடி மாட்டினார்கள். இரவு ஒன்பது மணி வாக்கில் கப்பல் பாறையில் ஏறி, 220,000 டன்னுக்கும் அதிகமான கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. பேச்சுவார்த்தையால் எவ்வளவு நேரம் வீணானது என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த டக்கின் வலு அவ்வளவு பெரிய கப்பலுக்குப் போதவில்லை என்பதும் உண்மை. பிரான்ஸ் அதற்குப் பிறகு பேரத்தை நம்பவில்லை. 1979 முதல் பிரெஸ்ட்டில் அபேய் ஃபிளாண்டர் என்ற டக்கை அரசுச் செலவில் நிறுத்தியது. சும்மா நிற்பதற்கே சம்பளம்.

நம் நீரிணையிலும் ஒரு பெரிய வழக்கு பிறந்தது, நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. 1992 செப்டம்பர் 19 இரவு, நீரிணையின் வடக்கில், நாகசாகி ஸ்பிரிட் என்ற எண்ணெய்க் கப்பலும் ஓஷன் பிளெஸ்ஸிங் என்ற கொள்கலன் கப்பலும் மோதின. சுமார் 12,000 டன் கச்சா எண்ணெய் கொட்டித் தீப்பிடித்தது. ஓஷன் பிளெஸ்ஸிங்கில் ஒருவரும் பிழைக்கவில்லை. நாகசாகி ஸ்பிரிட்டில் பிழைத்தவர்கள் இருவர். சிங்கப்பூரின் செம்கோ மீட்பு நிறுவனம் லாய்ட்ஸ் ஒப்பந்தத்தில் இறங்கித் தீயை அணைத்து, மிச்ச எண்ணெயை வேறு கப்பலுக்கு மாற்றிக் கொடுத்தது.

அதற்குள் 1989-இல் மீட்புக்கான புதிய சர்வதேச உடன்படிக்கை எழுதப்பட்டிருந்தது. சொத்தின் மதிப்பு குறைவாக இருந்தாலும், சுற்றுச்சூழலைக் காப்பாற்றப் பாடுபட்ட மீட்பாளருக்குச் செலவுத் தொகையும் டக்குக்கும் சாதனங்களுக்கும் 'நியாயமான விகிதமும்' கிடைக்கும் என்றது அது. அரைப் பேராவது போடுங்கள் என்ற மாதிரி. அந்த நியாயமான விகிதத்தில் லாபம் அடங்குமா? வழக்கு லண்டனில் அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 1997-இல் தீர்ப்பு வந்தது. டக்கைத் தயார் நிலையில் வைத்திருக்கும் மேல்செலவைச் சேர்த்துக்கொள்ளலாம், லாபத்தைச் சேர்க்க முடியாது. மீட்பு நிறுவனங்களுக்குக் கசந்தது. கப்பல் உரிமையாளர்களின் காப்புறுதிச் சங்கங்களோடு பேசி 1999-இல் ஸ்கோபிக் என்ற இணைப்பு விதியைக் கொண்டுவந்தார்கள்: டக்குக்கும் ஆளுக்கும் சாதனத்துக்கும் தினசரிக் கட்டணப் பட்டியல், அதன் மேல் 25 விழுக்காடு கூடுதல்.

ஆனாலும் மண்டோர் கேட்ட நாளுக்கு இது விடை சொல்லவில்லை. ஸ்கோபிக் கிடைப்பதும் விபத்து நடந்த பிறகுதான். கப்பல்கள் பாதுகாப்பானபோது விபத்து குறைந்தது, நல்ல விஷயம்தான். கூடவே காத்து நிற்கும் டக்குகளும் குறைந்தன. முதலாளிகள் அவற்றை எண்ணெய்க் கிணற்று மேடைகளை இழுக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். அதில் மாதாமாதம் வாடகை வரும். அதனால் சில நாடுகள் அரசுப் பணத்தைப் போட்டன. தென்னாப்பிரிக்கா 1971-இல் வாஃப்ரா எண்ணெய்க் கப்பல் விபத்தைப் பார்த்துவிட்டு 1976-இல் இரண்டு ராட்சத டக்குகளைக் கொண்டுவந்தது. பிரிட்டன் 1993 பிரேயர் எண்ணெய்க் கப்பல் விபத்துக்குப் பிறகு டக்குகளைக் காவலுக்கு நிறுத்தி வைத்தது, 2011-இல் சிக்கனம் என்று சொல்லிப் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டது. ஒன்றும் நடக்காத வருடங்களில் இந்தச் செலவு தண்டமாகத்தான் தெரியும். பட்ஜெட் வெட்டுகிறவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

மலாக்கா நீரிணையில் ஆண்டுக்கு 80,000-க்கும் அதிகமான கப்பல் பயணங்கள் பதிவாகின்றன. பெரும்பாலானவை நம் துறைமுகங்களைத் தொடாமலே கடந்து போகின்றன. சர்வதேசக் கடல் சட்டப்படி கடந்து போவதற்காக மட்டும் அவற்றிடம் சுங்கம் வசூலிக்க முடியாது. கரையோர நாடுகளும் பயன்படுத்தும் நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 43-வது பிரிவு சொல்கிறது. அதை ஒட்டி 2007-இல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் சேர்ந்து ஓர் ஒத்துழைப்பு ஏற்பாட்டைத் தொடங்கின. கலங்கரை விளக்கங்களுக்கும் மிதவைகளுக்கும் தனி நிதி உண்டானது. ஜப்பான் தரப்பு அதற்கும் முன்பிருந்தே உதவி வருகிறது. விளக்குக்குப் பணம் போடும் இந்த வழியில் டக்குக்கும் போட வைக்கலாம் என்பது என் கருத்து. எண்ணெய் கொட்டினால் ஒதுங்கப் போவது கேரித் தீவின் சதுப்புநிலத்திலும் மோரிப்பிலும். கடந்து போகிற கப்பலின் முதலாளிக்கு அந்த இடங்களின் பெயர்கூடத் தெரியாது.

பணம் கொடுக்க ஆள் இல்லாத கப்பல் என்றால் நிலைமை இன்னும் மோசம். 2023 மே 1 அன்று, கேபோன் கொடியேற்றிய, 1997-இல் கட்டப்பட்ட பாப்லோ என்ற எண்ணெய்க் கப்பல் தீபகற்பத்தின் தென்கிழக்கே வெடித்தது. 28 மாலுமிகளில் மூவரைக் காணவில்லை. அதிர்ஷ்டவசமாகத் தொட்டிகளில் சரக்கு இல்லை. பொறுப்பேற்க யாரும் முன்வராமல் கருகிய கூடு பல மாதம் அப்படியே கிடந்தது. இந்த மாதிரிப் பழைய கப்பல்கள் நம் கடல்வழியே நிறைய ஓடுகின்றன. லாய்ட்ஸ் ஒப்பந்தத்தில் எதிர்ப்பக்கம் கையெழுத்திட ஆள் இல்லாதபோது எந்த டக் முதலாளி வயரை அவிழ்ப்பார்?

வெற்றிகரமாக இழுத்து வந்தாலும் பிரச்சினை தீராது, எங்கே கொண்டுபோய் விடுவது? 2002 நவம்பரில் விரிசல் கண்ட பிரெஸ்டீஜ் எண்ணெய்க் கப்பலை ஸ்பெயின் துறைமுகத்துக்குள் விடவில்லை. வெளிக்கடலுக்கு இழுத்துப் போகச் சொன்னது. ஆறாம் நாள் அது இரண்டாக உடைந்தது. அதற்குப் பிறகு அடைக்கலத் துறைமுகங்கள் பற்றிச் சர்வதேச வழிகாட்டுதல் வந்திருக்கிறது. எந்த நாட்டு அமைச்சரும் அதை ஆர்வத்தோடு படிப்பதாகத் தெரியவில்லை.

கடைசியில் இந்தச் செலவு எங்கே வந்து விழுகிறது என்பதை நான் வேலையில் பார்க்கிறேன். மீட்புக் கட்டணம் கப்பல்காரர் தலையில் மட்டும் விழாது. காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு சரக்குக்கும் அதன் மதிப்புக்கேற்ற பங்கு உண்டு. சிங்கப்பூரிலிருந்து சூயஸ் நோக்கிப் போன மெர்ஸ்க் ஹோனம் 2018 மார்ச்சில் அரபிக்கடலில் தீப்பிடித்தது, ஐந்து மாலுமிகள் இறந்தார்கள். பெட்டி பிழைத்த சரக்குக்காரர்களிடம் மீட்புக்கு 42.5 விழுக்காடும், பொது நட்டப் பங்கீட்டுக்கு (கப்பலையும் சரக்கையும் காக்க நேர்ந்த இழப்பையும் செலவையும் எல்லாரும் பகிர்ந்துகொள்வது) 11.5 விழுக்காடும் உத்தரவாதம் கேட்டார்கள். ஒரு லட்சம் வெள்ளிச் சரக்கென்றால் 54,000 வெள்ளிக்கு உத்தரவாதம் கொடுத்தால்தான் பெட்டி கைக்கு வரும்.

பந்திங்கிலும் கிள்ளானிலும் தீபாவளிக்குச் சென்னையிலிருந்து சேலையும் பாத்திரமும் இறக்குகிற கடைக்காரர்கள் பலர் சரக்குக் காப்புறுதி எடுப்பதில்லை. "கப்பல் முழுகினாத்தானே அண்ணே" என்பார்கள். முழுகாமல் காப்பாற்றப்பட்டால்தான் இந்தக் கணக்கு வரும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். சரக்குக் காப்புறுதியில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. மிக மலிவான சி வகையிலேயே பொது நட்டப் பங்கீடும் மீட்புக் கட்டணமும் அடங்கும். பாலிசி இருந்தால் உத்தரவாதக் கடிதத்தைக் காப்புறுதி நிறுவனம் கொடுக்கும், பெட்டி வெளியே வரும். இல்லாதவர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், தீபாவளிக்கு முன்பே.